கடைசி வரிசைக்கு ஒரு வணக்கம்

கனிவும் கண்டிப்பும் கலந்து இந்த அவையைக் கட்டிக் காக்கும் தலைவர் அவர்களே, எனக்கு முன்னே முழங்கிவிட்டு, இவள் என்ன பேசப்போகிறாள் பார்ப்போம் என்று சாய்ந்து அமர்ந்திருக்கும் சான்றோர்களே, அகரத்தில் தொடங்கி அடிப்படைக் கணக்கு வரை விரல்பிடித்துக் கற்றுத்தரும் தொடக்கப்பள்ளி ஆசிரியப் பெருமக்களே, மூட்டு வலிக்கிறது என்று முனகிக்கொண்டு வருவோரை முக்கால் மணி நேரம் ஆடவைத்து முகம் மலர அனுப்பிவைக்கும் உடற்பயிற்சிப் பயிற்றுநர்களே, மடியில் பிள்ளையையும் கண்ணில் தூக்கத்தையும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

ஒரு வணக்கம் பாக்கி இருக்கிறது. யாருக்கு என்று இப்போது சொல்லமாட்டேன். மறந்துவிடவில்லை, வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். அதற்கு முன் மைக் போட்டிருக்கும் அண்ணனிடம் ஒரு கேள்வி. இந்த ஒயர் எவ்வளவு தூரம் வரும்? கடைசிச் சுவர் வரைக்கும் வருமா? தலையாட்டுகிறார். நல்லது அண்ணா, பிறகு தேவைப்படும்.

பள்ளி ஆசிரியர்களையும் உடற்பயிற்சி சொல்லித்தருபவர்களையும் ஒரே கூடத்தில் ஏன் உட்காரவைத்தார்கள் என்று காலையிலிருந்து சிலர் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறீர்கள். காதில் விழுந்தது. ஒருவர் சாக்பீஸ் பிடிப்பவர், இன்னொருவர் விசில் ஊதுபவர், இருவருக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு? ஒட்டு உண்டு ஐயா, உறவும் உண்டு. எங்கள் வீட்டில் அந்த உறவுக்கு நாத்தனார் என்று பெயர்.

நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. பத்தொன்பது ஆண்டுகளாக மூன்றாம் வகுப்பிலேயே இருக்கிறேன், இன்னும் தேர்ச்சி பெறவில்லை. என் கணவரின் தங்கை நகர மண்டபத்தில் காலை ஆறு மணிக்குக் குழுவாக உடற்பயிற்சி நடத்துகிறாள். அதோ, நான்காம் வரிசையில் கழுத்தில் விசில் தொங்க, நான் எதையெல்லாம் போட்டு உடைக்கப்போகிறேனோ என்று பயந்தபடி உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். பயப்படாதே அம்மா, பாதியைத்தான் சொல்லப்போகிறேன்.

சென்ற ஆண்டு என் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். காலையில் வகுப்பு கலகலக்கும். மதிய உணவு முடிந்ததும் என்ன ஆகும்? சொல்லுங்கள். ஆம் அம்மா, நீங்கள் கொட்டாவி விட்டுக் காட்டியதே சரியான விடை. நான் பாடம் நடத்துவேன், முதல் இரண்டு வரிசை கேட்கும். நான் கேள்வி கேட்பேன், முதல் இரண்டு வரிசை பதில் சொல்லும். அந்த இரண்டு வரிசையைப் பார்த்து, வகுப்பே விளங்கிக்கொண்டது என்று நானும் விளங்காமல் மகிழ்ந்திருப்பேன். இதில் எனக்குத் துணை இந்த அரங்கில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம், சிரிப்பிலேயே தெரிகிறது.

கடைசி வரிசையில் ஒரு சிறுமி. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ஜன்னல். எது கேட்டாலும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். பெயர் என்ன என்றால் ஜன்னல், ஐந்தும் மூன்றும் எத்தனை என்றால் ஜன்னல், வாசி என்றால் கண்டிப்பாக ஜன்னல். கணக்கைத் தாளில் போட்டுவிடுவாள். ஆனால் எட்டு மாதத்தில் அவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் என்ன செய்தேன்? பதிவேட்டை எடுத்தேன், பேனாவைத் திறந்தேன், "வாசிக்கத் தெரியாது" என்று எழுதினேன், மூடினேன். இரண்டே சொல், அரை நிமிட வேலை.

அந்த இரண்டு சொல் எங்கே போய் நின்றது தெரியுமா? தலைமையாசிரியை என்னை அறைக்கு அழைத்தார்.

"டீச்சர், இன்னும் மூணு வாரத்துல ஆய்வாளர் வர்றாரு. இந்தப் பொண்ணு அவர் முன்னாடி ஒரு பத்தியாவது வாய்விட்டு வாசிக்கணும். இல்லேன்னா திரும்ப ரெண்டாம் வகுப்புல உக்கார வெச்சுடுவாங்க. நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"ஆமா மேடம், நான்தான் எழுதினேன்."

ஒன்பது வயதுப் பிள்ளை, வகுப்பிலேயே உயரமானவள். அவளைத் தன் இடுப்பளவு இருக்கும் பிள்ளைகளோடு மறுபடி உட்காரவைத்தால், இனி வரவேண்டிய பேச்சும் வராமலே போய்விடாதா? அப்புறம் ஜன்னலும் சாத்திக்கொள்ளாதா?

அன்று மாலை அடுப்படியில் நின்று புலம்பினேன். நாத்தனார் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணி, அந்தப் பொண்ணு எங்க உக்காருது?"

"கடைசி பெஞ்ச்."

"அதுவா போய் உக்காந்துச்சா, நீங்க உக்கார வெச்சீங்களா?"

"உயரமான பொண்ணு. முன்னாடி உக்காந்தா பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்கும்ல. முதல் நாளே உயர வரிசைப்படி உக்கார வெச்சேன்."

"சரி, நாளைக்கு லீவுதானே. காலையில என் வகுப்புக்கு வாங்க."

"எனக்கு எதுக்குடி உடற்பயிற்சி?"

"அதைக் கண்ணாடியப் பாத்து நீங்களே கேட்டுக்கோங்க அண்ணி."

பார்த்தீர்களா, இதுதான் நாத்தனார். கோபம் வந்தது. ஆனாலும் போனேன்.

காலை ஆறு மணி. பெரிய கூடம், மழமழவென்ற தரை, முன்னால் ஒரு சிறு மேடை. முப்பது பேர் நின்றார்கள். நான் எங்கே போய் நின்றிருப்பேன்? அடடா, எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறீர்கள், எல்லோருக்கும் அனுபவம் இருக்கிறது போலும். ஆம், கடைசி வரிசை, அதிலும் ஒரு தூணுக்குப் பின்னால். பாட்டு தொடங்கியது, எட்டு எட்டாக எண்ணிக்கை தொடங்கியது. அவர்கள் கையைத் தூக்கும்போது நான் காலைத் தூக்கினேன். அவர்கள் வலப்பக்கம் போனபோது நான் இடப்பக்கம் போய் ஒரு பஸ் டிரைவர் மீது மோதினேன். மருத்துவர் சொன்னதால் வந்திருக்கும் மனிதர், அவரும் என்னைப்போல ஒளிய வந்தவர். அவர் ஆறுதலாகச் சொன்னார்: "பரவால்லம்மா, இங்க யாரும் பாக்க மாட்டாங்க." எவ்வளவு நிம்மதியான சொல். நான் பாதி அசைவுகளைச் செய்யாமலே நின்றேன். யார் கேட்பது?

பதினைந்து நிமிடம் போயிருக்கும். என் நாத்தனார் மேடையை விட்டு இறங்கினாள். கையைத் தட்டிக்கொண்டே கூட்டத்தின் நடுவே நடந்தாள். எங்கள் வரிசையையும் கடந்து, பின்சுவர் ஓரமாகப் போய் நின்று, விசில் ஊதி, ஒரே ஒரு சொல் சொன்னாள். "திரும்புங்க."

முப்பது பேரும் திரும்பினார்கள். அன்பர்களே, அந்த ஒரு நொடியில் கடைசி வரிசை முதல் வரிசை ஆனது. தூண் எனக்குப் பின்னால் போய்விட்டது. இரண்டடி தூரத்தில் அவள் முகம், என்னைப் பார்த்துச் சிரிக்கும் முகம். ஒளிய இடமில்லை. என்ன செய்தேன்? ஆடினேன். தப்புத் தப்பாக ஆடினேன், ஆனால் ஆடினேன். "முட்டியைத் தொட முடியலையா, தொடையத் தொடுங்க, அதுவும் முடியலையா, தொடுற மாதிரி நெனைச்சுக்கிட்டுக் குனிங்க, எதுவா இருந்தாலும் நீங்களே எடுத்துக்கோங்க" என்றாள். எனக்கு நானே தொடையை எடுத்துக்கொண்டேன். வியர்வையோடு வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரு எண்ணம் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அந்தச் சிறுமி எட்டு மாதமாகத் தூணுக்குப் பின்னால் நிற்கிறாள். அந்தத் தூணை நட்டவள் நான்.

திங்கள்கிழமை. மதிய உணவுக்குப் பிறகு, கொட்டாவி நேரம். சாக்பீஸை வைத்தேன், பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தேன், பின்சுவர் ஓரம் போய் நின்றேன். "திரும்புங்க" என்றேன். பிள்ளைகள் விழித்தார்கள். பின்பக்கம் கரும்பலகை கிடையாது, படம் கிடையாது. கட்டடத்தோடு வந்த ஓர் அறிவிப்பு மட்டும் சட்டம் போட்டுத் தொங்கியது, பத்தொன்பது ஆண்டில் நானே படித்துப் பார்க்காத அறிவிப்பு. ஆனாலும் திரும்பினார்கள். அன்றைக்குத்தான் முதன்முதலாக அந்தச் சிறுமியின் முகத்தை இரண்டடி தூரத்தில் பார்த்தேன்.

அன்று நான் தொடங்கிய விளையாட்டை இங்கே இருக்கும் ஆசிரியர்கள் தயவுசெய்து எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு எதுவும் தர வேண்டாம். சீட்டுகளில் சிறு சிறு வாக்கியங்கள். ஒருவர் வாசிக்க வேண்டும், மற்றவர்கள் அதை உடம்பால் செய்து காட்ட வேண்டும். "தவளை தாவியது" என்று வாசித்தால் தாவ வேண்டும். "மரம் மெல்ல மெல்லச் சாய்ந்தது" என்றால் சாய வேண்டும். வாசிப்பவர் மட்டும் அசையாமல் கடைசிச் சொல் வரை வாசித்து முடிக்க வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்தில் கட்டளை கேட்டு உடம்பு அசைகிறதே, இங்கே வாக்கியம் கேட்டு அசையட்டும் என்று நினைத்தேன். பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடிவந்து, "என்ன டீச்சர், சுவர் அதிருது" என்றார். "யானை நடக்குது சார்" என்றேன். முப்பத்தெட்டுப் பேரில் ஒருவராவது அன்று தூங்கினாரா? ஒருவருமில்லை.

தாவலுக்கும் சாய்தலுக்கும் நடுவே ஒன்றைக் கண்டேன். இன்னொரு பிள்ளை அவள் பக்கத்தில் நின்று சீட்டை வாசிக்கும்போது ஜன்னலின் உதடுகள் அசைந்தன. ஒரு சொல் முன்னால் அசைந்தன. வாசிக்கிறவளை முந்திக்கொண்டு அசைந்தன. என் தாய்மார்களே, வாசிக்கத் தெரியாது என்று நான் எழுதிவைத்த பிள்ளை, உள்ளுக்குள்ளே வாசித்துக்கொண்டிருந்தாள். கரும்பலகை ஓரத்திலிருந்து பார்த்தால் உதடு தெரியுமா? வெட்கமாக இருந்தது எனக்கு. இன்றும் இருக்கிறது.

ஆனால் ஆய்வாளருக்கு உதடு போதாதே, குரல் வேண்டுமே. நாத்தனார் சொன்ன தொடையும் முட்டியும் நினைவுக்கு வந்தன. வகுப்பில் சொன்னேன்: "உதட்டால வாசிக்கலாம், ரகசியமா வாசிக்கலாம், சத்தமா வாசிக்கலாம். எது வேணுமோ நீங்களே எடுத்துக்கோங்க." முதல் வாரம் அவள் உதட்டை எடுத்துக்கொண்டாள். இரண்டாம் வாரம் என் காதருகே ஒரு ரகசியம் வந்தது, "தவளை தாவியது." எனக்கும் தாவத் தோன்றியது. மூன்றாம் வாரமும் முடியப்போகிறது, சத்தம் மட்டும் வரவில்லை.

நடுவிலே ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான்காம் வரிசையில் இருப்பவள் தலைக்கனம் பிடித்துத் திரும்பிவிடுவாள். நான் வாங்கிக்கொண்டு மட்டும் வரவில்லை, கொடுத்தும் வந்தேன். அந்த பஸ் டிரைவர் வகுப்பை விட்டு நின்றுவிடப் போகிறார் என்று நாத்தனார் வருந்தினாள். "அவருக்கு ஒரு வேலை குடு" என்றேன். ஒதுங்குகிற பிள்ளைக்கு மணியடிக்கும் வேலை கொடுத்தால் அது மறுநாள் முதல் ஆளாக வந்து நிற்கும், இது எங்கள் தொழில் ரகசியம். எட்டு எட்டாக எண்ணும் வேலையை அவரிடம் கொடுத்தாள். கூடமே அதிர எண்ணினார் மனிதர். கடைசி எட்டு முடிந்ததும், "எல்லாரும் பத்திரமா எறங்குங்க" என்றாராம். இன்றுவரை ஒரு நாள் தவறவில்லை. கை தட்டுங்கள், அவருக்குத் தட்டுங்கள்.

ஆய்வு நாள் வந்தது. ஆய்வாளர்கள் வகுப்புக்கு வந்தால் எங்கே உட்காருவார்கள்? ஆசிரியர்களுக்குத் தெரியும். கடைசியில் நாற்காலி போட்டு, பின்சுவரில் முதுகு சாய்த்து, மடியில் பதிவேட்டை வைத்துக்கொள்வார்கள். இவரும் அப்படியே அமர்ந்தார். தலைமையாசிரியை கதவோரம் நின்றார். ஆய்வாளர் பதிவேட்டைப் பார்த்தார், அந்த இரண்டு சொல்லில் விரலை வைத்தார்.

"இந்தப் பொண்ணு எழுந்து புத்தகத்துல ஒரு பத்தி வாசிக்கட்டும்."

எழுந்தாள். கரும்பலகையைப் பார்த்து நின்றாள், முதுகுக்குப் பின்னால் ஆய்வாளர். புத்தகத்தைத் திறந்தாள். முகம் மெல்ல, மெல்ல, ஜன்னல் பக்கம் திரும்பியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆய்வாளர் பேனாவின் மூடியைக் கழற்றும் ஓசை கேட்டது.

அப்போது கால் மட்டும் ஓடியது. நடந்தேன், பெஞ்சுகளைக் கடந்தேன், ஆய்வாளரின் நாற்காலியை ஒட்டிப் பின்சுவர் ஓரம் நின்றேன். "திரும்புங்க" என்றேன். முப்பத்தெட்டுப் பேரும் திரும்பினார்கள். இவ்வளவு பிள்ளைகளை இவ்வளவு அருகில் நேருக்கு நேர் பார்த்துப் பழக்கமில்லாத ஆய்வாளர், நாற்காலியிலேயே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் அந்தச் சிறுமியிடம், "உனக்கு எது வாசிக்கணும்னு தோணுதோ, அதை எடுத்துக்கோம்மா" என்றேன்.

அவள் புத்தகத்தை மூடி வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலையும் பார்க்கவில்லை. ஆய்வாளரின் தலைக்கு மேலே பார்த்தாள். அங்கே தொங்கியது அந்த அறிவிப்பு. ஒன்பது மாதமாக அவள் முதுகுக்குப் பின்னால் தொங்கிய அறிவிப்பு. வாய் திறந்தாள். என்ன குரல் என்கிறீர்கள், மணி போன்ற குரல்.

"அவசர கால அறிவிப்பு. பதற்றம் வேண்டாம். அனைவரும் புத்தகப் பைகளை அங்கேயே விட்டுவிட்டு எழவும்."

முப்பத்தேழு பிள்ளைகள் பைகளை விட்டுவிட்டு எழுந்தார்கள்.

உங்களுக்குப் புரிந்துவிட்டது, சிரிக்கிறீர்கள். எனக்குப் புரியவில்லை. நான் அவள் குரலைக் கேட்டு உருகி நின்றுகொண்டிருந்தேன்.

"ஓசையின்றி, ஒருவர் பின் ஒருவராக, இடப்பக்க வாயில் வழியாக வெளியேறவும்."

ஓசையின்றி வெளியேறினார்கள். ஒருவர் பின் ஒருவராக, தலைமையாசிரியையைக் கடந்து, அவருக்குப் பணிவாகத் தலையசைத்துக்கொண்டே வெளியேறினார்கள். வாக்கியத்தை வாசித்தால் செய்ய வேண்டும் என்று மூன்று வாரம் பழக்கியவள் நான்தானே. ஆய்வு நாளில், ஆய்வாளர் கண்முன்னே, என் வகுப்பறை காலியானது. பத்தொன்பது ஆண்டுப் பணியும் அந்த இடப்பக்க வாயில் வழியாக வெளியேறுவதைப் பார்த்தபடி நின்றேன்.

ஆய்வாளர் கேட்டார், "எங்கம்மா போறாங்க எல்லாரும்?"

நான் வாய் திறப்பதற்குள் அவளே பதில் சொன்னாள். "மைதானத்துக்கு சார். அங்க போய் எண்ணிப் பாக்கணும். நீங்களும் வரணும் சார். அனைவரும்னு போட்டிருக்கு."

திரும்பி அண்ணாந்து பார்த்தார். போட்டுத்தான் இருந்தது. எழுந்தார். பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு இடப்பக்க வாயில் வழியாக வெளியேறினார். அவர் பின்னால் தலைமையாசிரியை, அவர் பின்னால் நான், கடைசியாக, மைதானத்தில் வரிசையாக நின்று எண்ணவும் என்று வெளியே கேட்கும்படி அறிவிப்பைக் கடைசிச் சொல் வரை வாசித்து முடித்துவிட்டு, அவள்.

மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தேழில் எண்ணிக்கை நின்றது. அவள் ஓடிப்போய் வரிசையில் நின்று, "முப்பத்தெட்டு" என்றாள். மைதானத்துக்கே கேட்டது.

ஆய்வாளர் பதிவேட்டைத் திறந்தார். "வாசிக்கத் தெரியாதுன்னு எழுதினது யாரு?"

"நான்தான் சார்."

"எங்க நின்னு பாத்து எழுதினீங்க?"

அவர் குரலில் கோபமில்லை. ஆனால் பத்தொன்பது ஆண்டில் யாரும் என்னைக் கேட்காத கேள்வி அது. "கரும்பலகை பக்கத்துல நின்னு சார்" என்றேன். அவர் பேனாவை என்னிடம் நீட்டினார். "நீங்க எழுதினதை நீங்களே அடிங்க." அடித்தேன். அதன் கீழே எழுதினேன்: "வாசிக்கிறாள். பக்கத்தில் போய்க் கேட்டேன்." அவர் அதில் கையெழுத்துப் போட்டார். இன்று அவள் நான்காம் வகுப்பில் இருக்கிறாள். இப்போது அந்த வகுப்பு ஆசிரியர், அவள் வாயை மூடவே மாட்டேன் என்கிறாள் என்று என்னிடம் புகார் சொல்கிறார். சொல்லட்டும், அந்தப் புகாரை நான் நாள்தோறும் கேட்பேன்.

ஆசிரியப் பெருமக்களே, பயிற்றுநர்களே, தூங்கும் வகுப்பை எழுப்ப வண்ணப்படம் வேண்டுமா, வாத்திய ஓசை வேண்டுமா என்று காலையிலிருந்து பேசினோம். வேண்டும், எல்லாம் வேண்டும். ஆனால் முதலில் வேண்டியது நம் இரண்டு கால்கள். நாம் எங்கே நிற்கிறோமோ அதுதான் முன்வரிசை. நாம் நகராவிட்டால் யாரோ சிலர் நாள் முழுதும், ஆண்டு முழுதும், ஆயுள் முழுதும் கடைசி வரிசையிலேயே இருந்துவிடுவார்கள். அவர்களுக்குத் தெரியாது என்று நாம் எழுதிவிடுவோம். எழுதலாமா? நகராமலே எழுதலாமா?

மைக் அண்ணா, ஒயரைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தலைவர் அவர்களே, அனுமதி கேட்காமல் இறங்குகிறேன், பொறுத்தருளுங்கள். வழி விடுங்கள் அம்மா. பிள்ளையின் கால், மிதித்துவிடப் போகிறேன். இதோ நான்காம் வரிசை, எழுந்து ஓடாதே நாத்தனாரே. இதோ கடைசிச் சுவர். பேச்சு முடிந்ததும் நழுவிவிடலாம் என்று கதவோரம் உட்கார்ந்திருக்கும் நீங்கள் எல்லாம் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. ஒருவர் நான் சொன்னதையெல்லாம் சின்ன நோட்டில் எழுதியிருக்கிறார். மேடையிலிருந்து பார்த்தபோது தூங்குகிறார் என்று நினைத்தேன், மன்னியுங்கள் ஐயா.

அவையோரே, திரும்புங்கள்.

நன்றி. நாற்காலிகள் கிறீச்சிடட்டும், பரவாயில்லை. மேடையில் இருக்கும் பெரியோர்கள் இப்போது கடைசி வரிசை, அங்கே கொட்டாவி விட்டாலும் யாரும் பார்க்கமாட்டார்கள். இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டதற்கு உங்கள் அனைவருக்கும் நன்றி. வாய்ப்பளித்த தலைவருக்கு நன்றி, என்னை ஆறு மணிக்கு எழுப்பிய நாத்தனாருக்கு நன்றி. நான் பாக்கி வைத்திருந்த வணக்கம் இதோ. என் கடைசி வரிசைப் பெருமக்களே, வணக்கம்.

ஐயா, அந்த நோட்டில் கடைசியாக ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறீர்களே. இந்தாருங்கள் மைக். உதட்டால் வேண்டுமானாலும் கேளுங்கள், ரகசியமாக வேண்டுமானாலும் கேளுங்கள். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்.